தாத்தா படத்துக்குக் கைப்பேசி போடும் தேதி

வெளியூரில் படிக்கிற நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். சுவரில் தொங்கும் பழைய படங்களையும், டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடக்கும் படங்களையும் கைப்பேசியில் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் அரியலூருக்கோ திருவையாற்றுக்கோ கொண்டுபோய் ஸ்கேன் செய்துகொள்கிறார்கள். திருமழபாடியிலும் கொள்ளிடக் கரையின் மற்ற குடியிருப்புகளிலும் இதைப் பார்க்கிறோம். கரையானுக்கும் மழை ஈரத்துக்கும் பறிகொடுத்ததுபோக மிஞ்சியவை இந்தப் படங்கள். அவற்றைக் காப்பாற்ற நினைக்கும் பிள்ளைகளைப் பாராட்ட வேண்டும்.

ஆனால், அங்கேயே ஒரு சிக்கலும் தொடங்குகிறது. கைப்பேசியில் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தாத்தா, போன வாரம் நடந்த காதுகுத்துப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஸ்கேன் செய்த நாளையே படம் எடுத்த நாளாகக் கைப்பேசி எண்ணிக்கொள்கிறது. இன்று நமக்கு அது தாத்தா என்று தெரியும், சிரித்துவிட்டுப் போகிறோம். இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து அதே கோப்பைத் திறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு அதைச் சொல்ல யார் இருப்பார்கள்?

நம் குடியிருப்புகளில் படங்கள் குறைவு. ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுக்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்த காலம் அது. சில வீடுகளில் பெரியவர்களுக்கு இருக்கும் ஒரே படம், 1993-ல் புகைப்பட வாக்காளர் அட்டைத் திட்டம் வந்த பிறகு எடுக்கப்பட்டதுதான். வேறு சில வீடுகளில் இறந்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு எடுத்த படம்தான் இருக்கும். இப்படி ஒன்றிரண்டு படங்களே உள்ள இடத்தில், ஒரு படத்தின் ஆண்டு தொலைந்தால் ஒரு தலைமுறையின் கணக்கே தொலைகிறது.

பிறர் எழுதிய தலைப்புகள்

நம்மைப் படம் எடுத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற படத்தொகுப்பை ஆங்கிலேய அரசு வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். அவற்றில் படங்கள் உண்டு. படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான் இருக்கும். நிற்பவரின் பெயர் என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு என்பது இருக்காது. 1909 என்பது நூல் அச்சான ஆண்டு. படங்கள் அதற்கு முன் எடுக்கப்பட்டவை. ஆனாலும் அந்தப் படங்களைப் பலர் 1909 என்றே குறித்துக்கொள்கிறார்கள்.

இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு, தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொன்ன 1876-78 பஞ்சம். சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலும் அரைக் கோடிப் பேருக்கு மேல் மாண்டதாக மதிப்பிடப்படும் அந்தப் பஞ்சத்தில், நிலமற்ற கூலிகளே முதலில் விழுந்தார்கள். வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். இன்று அதே படங்கள் '1943 வங்கப் பஞ்சம்' என்ற தலைப்போடு இணையத்தில் சுற்றுகின்றன. இடமும் மாறிவிட்டது, 65 ஆண்டுகளும் மாறிவிட்டன. நம் மண்ணின் சாவுக் கணக்கு வேறொரு பஞ்சத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. படத்தோடு சேர்த்துத் தேதியும் இடமும் பதியப்படாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

எந்திரத்தின் தேதி எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்புச் சீட்டு உண்டு. அதற்கு எக்ஸிஃப் என்று பெயர். அதில் படம் எடுத்த நாளுக்கு ஒரு கட்டம், டிஜிட்டலாக மாற்றிய நாளுக்கு இன்னொரு கட்டம். ஸ்கேன் செய்யும்போது இரண்டாவது கட்டத்தில் இன்றைய தேதி இருப்பது சரி. முதல் கட்டத்தில் 1974 என்று இருக்க வேண்டும். அதை எந்திரத்தால் அறிய முடியாது, நாம்தான் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் அது காலியாக இருக்கும், அல்லது இன்றைய தேதி அதில் ஏறிவிடும்.

வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் இந்தச் சீட்டு உதிர்ந்துவிடுகிறது. படத்தின் தரமும் குறைகிறது. டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். கூகுள் போட்டோஸில் தேதியைத் திருத்தலாம். ஆனால் அந்தத் திருத்தம் அந்தச் செயலியின் கணக்கில் இருக்கும், கோப்பை வேறு இடத்துக்கு மாற்றும்போது கூடவே வரும் என்று நம்பக் கூடாது. கணினி உள்ளவர்கள் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால் கோப்புக்குள்ளேயே தேதியை எழுதிவிடலாம்.

மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. பல கணினி அமைப்புகள் 1970 ஜனவரி 1-லிருந்து நேரத்தை எண்ணுகின்றன. அதனால் சில செயலிகள் அதற்கு முந்தைய தேதியைக் கொடுத்தால் தடுமாறும். ஒரு பழைய படத்தில் 1970 ஜனவரி 1 என்று தானாக வந்திருந்தால், தேதி இல்லை என்பதை எந்திரம் அப்படிச் சொல்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஆண்டைக் கண்டுபிடிக்கும் வழிகள்

முதலில் படத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை, மை எழுத்து, பென்சில் குறி எது இருந்தாலும் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், அந்த முத்திரை 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது, அப்போதுதான் அந்த எண் முறை வந்தது. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில். நம் பகுதி 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம். அந்த ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007-ல் மறுபடியும் தனியானது. ஆக, பள்ளிக் குழுப் படத்தில் 'அரியலூர் மாவட்டம்' என்று பலகை இருந்தால் எந்தெந்த ஆண்டுகளில் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நம்மைக் குறிக்க எழுதிய சொல்லும் காலம் காட்டும். பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதில் ஆதி திராவிடர் என்ற பெயரை அரசு ஏற்றது 1922-ல். அந்தக் கோரிக்கையைச் சட்டமன்றத்தில் முன்வைத்தவர் எம்.சி. ராஜா. 'ஹரிஜன்' என்பதைக் காந்தியார் பரப்பியது 1932-க்குப் பிறகு. தலித் என்ற சொல் தமிழ்நாட்டில் பரவலானது அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990-களில். இந்தச் சொற்களை வைத்து 'இதற்கு முன்பு இல்லை' என்று மட்டும் சொல்லலாம், 'இதற்குப் பின்பு இல்லை' என்று சொல்ல முடியாது. 'ஹரிஜன காலனி' என்ற பெயர்ப் பலகைகள் இன்றும் சில ஊர்களில் நிற்கின்றன அல்லவா?

அடுத்து, பெரியவர்களிடம் கேட்பது. 'எந்த வருஷம்?' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. 'இது எடுக்கும்போது அப்பா பொறந்தாச்சா அப்பாயி?' என்று கேட்டுப் பாருங்கள். 'ரயிலு ஆத்துல விழுந்துச்சே, அதுக்கு மறு வருஷந்தான் ஒங்கப்பன் பொறந்தான். இதுல அவன் இடுப்புல இருக்கான் பாரு' என்பது போலப் பதில் வரும். அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது 1956 நவம்பர் 23. அதற்குப் பொறுப்பேற்றுத்தான் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஆக, அப்பன் பிறந்தது 1957, இடுப்பில் இருப்பதால் படம் 1958-59 வாக்கில். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர், அண்ணா மறைவு 1969 பிப்ரவரி, திருச்சி வெள்ளம் 1977 நவம்பர், எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர். இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் 'அதுக்கு முன்னாடியா, பின்னாடியா' என்று அவர்களே வரிசைப்படுத்தித் தருவார்கள்.

தமிழ் வருஷம் சொன்னால் கவனம் தேவை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். குரோதி என்றால் 1964-65 ஆகவும் இருக்கலாம், 2024-25 ஆகவும் இருக்கலாம். சித்திரையில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை போவதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவியிருக்கும். மாதத்தையும் கேட்டால்தான் ஆண்டு நிற்கும்.

சில படங்களில் ஆண்டு தெரியாவிட்டாலும் மாதம் தெரியும். திருமழபாடியில் நந்தி திருக்கல்யாணம் பங்குனியில் நடப்பது. அந்த விழாக் கூட்டம் படத்தில் இருந்தால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைக்குள் எடுத்தது என்று எழுதிவிடலாம். இத்தகைய படத்தில் நம் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947-ல் வந்தது. அதற்கு முந்திய படமா, சட்டம் வந்து இருபது ஆண்டு கழிந்த படமா என்பதைப் பொறுத்து, கோபுர வாசலுக்கு வெளியே நிற்பதன் பொருள் மாறுகிறது.

எழுத்துச் சான்றுகளும் உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், சமுதாயக் கூடத்தின் அடிக்கல் கல்வெட்டு எல்லாம் உதவும். ஏலாக்குறிச்சி போன்ற பங்குகளைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் இருக்கும். திருமணப் படத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஒரு எச்சரிக்கை. சட்டகத்தில் உள்ள பெரிய படம் பெரும்பாலும் சின்னப் படத்திலிருந்து பின்னாளில் பெரிதாக்கியது. தனித்தனியாக எடுத்த தாத்தா, அப்பாயி படங்களை ஸ்டுடியோவில் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. காகிதத்தின் வயது வேறு, முகத்தின் வயது வேறு. சேர்த்த படம் என்றால் அதைச் சொல்லி, தெரிந்தால் இரண்டுக்கும் தனித்தனியே ஆண்டு எழுதுங்கள்.

உறுதி இல்லாததை எழுதும் முறை

எல்லாப் படத்துக்கும் நாள், மாதம், ஆண்டு கிடைக்காது. கிடைக்காததைக் கிடைத்ததுபோல் எழுதக் கூடாது. உலக நூலகங்களுக்கும் இதே தலைவலி இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் முன்னெடுத்த ஒரு தேதி முறை, 2019-ல் பன்னாட்டுத் தரக் குறியீட்டில் சேர்க்கப்பட்டது. அதன்படி '1974?' என்றால் உறுதியில்லை என்று பொருள். '1974~' என்றால் ஏறக்குறைய என்று பொருள். பத்தாண்டு மட்டும் தெரிந்தால் கடைசி இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் எழுத்தைப் போடுவார்கள். நாம் அந்தக் குறிகளையே பயன்படுத்தலாம், அல்லது 'உறுதி', 'ஏறக்குறைய', 'பத்தாண்டு மட்டும்', 'தெரியவில்லை' என்று நான்கு சொற்களை வைத்துக்கொள்ளலாம். எதை வைத்து முடிவு செய்தோம் என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். 'அப்பா பிறந்த ஆண்டை வைத்து, அப்பாயி சொன்னது' என்று இருந்தால், நாளை வேறு சான்று கிடைப்பவர் திருத்திக்கொள்வார்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முதலில் போடுங்கள். '1974-04-14' என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருந்தால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். '14-04-1974' என்று தொடங்கினால் எல்லா ஆண்டுகளின் 14-ம் தேதிகளும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். மாதம், நாள் தெரியாவிட்டால் பூஜ்யம் போடலாம்: '1974-00-00 திருமழபாடி பள்ளிக் குழு 01'. கோப்புப் பெயரில் கேள்விக்குறியைச் சில கணினிகள் ஏற்காது, அதைக் குறிப்பில் எழுதுங்கள். எக்ஸிஃப் தேதிக் கட்டத்தில் முழுத் தேதி கேட்பதால் '1974 ஜனவரி 1' என்று கொடுத்துவிட்டு, 'ஆண்டு மட்டுமே உறுதி' என்று விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

ஆண்டு வரிசையில் அடுக்குவதற்காக, யார் வீட்டுப் படம் என்பதைக் கலைத்துவிடக் கூடாது. குடும்பத்துக்கு ஒரு கோப்புறை இருக்கட்டும், ஆல்பத்தில் இருந்த வரிசை எண்ணையும் குறித்துவையுங்கள். ஒரே உறையில் இருந்த, ஒரே காகிதத்தில் அச்சான நான்கு படங்களில் ஒன்றுக்குத் தேதி கிடைத்தால் மற்ற மூன்றுக்கும் அது வழிகாட்டும்.

இவ்வளவு எதற்கு?

சுடுகாட்டுப் பாதையில் தகராறு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதை முன்பு இருந்ததே இல்லை என்கிறார்கள் எதிர்த்தரப்பில். நம் வீட்டில் அதே பாதையில் சவ ஊர்வலம் போகும் பழைய படம் இருக்கிறது. அதைக் கைப்பேசியில் காட்டினால் 'சென்ற மாதம்' என்று தேதி வருகிறது. நாம் சொல்வதை யார் நம்புவார்கள்? படம் பட்டா ஆகாது என்பது உண்மை. ஆனால் மற்ற ஆவணங்களோடு சேர்ந்து நிற்கும் துணை அது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது அதற்கென ஒரு சான்றிதழும் கேட்கிறது. ஆகவே ஸ்கேன் செய்துவிட்டோம் என்று அசல் படத்தை ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள்.

இப்படித் தம் படங்களைத் தாமே அடுக்கியவர்கள் உலகில் உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கறுப்பின மக்களை நாற்பது ஆண்டுகள் படம் எடுத்தவர் சார்லஸ் ஹாரிஸ். அவருடைய ஏறத்தாழ 80,000 நெகட்டிவ்கள் 2001-ல் அந்நகரின் கார்னகி கலை அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, பெரும்பாலானவற்றில் பெயரோ தேதியோ இல்லை. அருங்காட்சியகம் அந்தப் பகுதி முதியவர்களைக் கூப்பிட்டுத்தான் ஆட்களையும் ஆண்டுகளையும் கேட்டறிந்தது. நேபாளத்தில் நேபாளப் பட நூலகம் அங்குள்ள தலித் மக்களின் படங்களைத் திரட்டி, கண்ணியத்துக்கான தேடல் என்ற பொருளில் 2016-ல் கண்காட்சி வைத்தது. பக்கத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி ஸ்கேன் செய்தது. ஸ்டுடியோவுக்குப் போக முடியாதவர்களின் படங்கள் நம் டிரங்குப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயரும் தேதியும் எழுத நம்மால்தான் முடியும்.

ஒரு நாள் வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு வீட்டுக்கு இருபது படம் போதும். கோடு போட்ட நோட்டில் படத்தின் எண், எடுத்த ஆண்டு, எவ்வளவு உறுதி, எப்படித் தெரியும், இடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள், சொன்னவர், ஸ்கேன் செய்த நாள் என்று கட்டம் போடுங்கள். பெண்களின் பெயரை 'இன்னார் மனைவி' என்று எழுதாமல் அவர்கள் பெயரையே கேட்டு எழுதுங்கள். சின்னப் படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் நேராக எடுக்கலாம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம்.

படத்தின் பின்னால் இழிவான சொல்லோ பழைய சாதிப் பெயரோ எழுதியிருந்தால் அழிக்காதீர்கள், அதுவும் ஆவணம்தான். நம் விளக்கத்தில் நம் சொல்லை எழுதுவோம். சாவு, அடிதடி, நோய் பற்றிய படங்களை வீட்டார் சம்மதம் இல்லாமல் வெளியே பகிரக் கூடாது. வேலை முடிந்ததும் மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று கணினியில், ஒன்று பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ, இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். நோட்டையும் ஸ்கேன் செய்து உடன் வையுங்கள்.

ஸ்கேன் செய்வதை அடுத்த விடுமுறையிலும் செய்யலாம். பெட்டியில் உள்ள படம் அதுவரை காத்திருக்கும். ரயில் கவிழ்ந்த வருஷத்தை நினைவில் வைத்திருக்கும் அப்பாயிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆகவே, நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம் போய் உட்காருங்கள்.